பக்கத்து வீட்டுக்காரர்

சிறைச்சாலை வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். அம்மா முன்னால், நான் பத்தடி பின்னால். உள்ளே அனுமதிக்காத போர்வையை அம்மா இடுப்பில் இடுக்கியிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அந்த வக்கீலம்மா கைல எழுதிக் குட்த்தியாடா?"

"குட்த்தேம்மா" என்றேன். கொடுக்கவில்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுநர். துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் யார் முந்துவது என்று நடந்த அடிதடியில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல் நான்கு மாதமாக உள்ளே கிடந்தார். விசாரணை தொடங்கவே இல்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி. வெளியே தினமும் விழுங்கிய மாத்திரை உள்ளே சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை. படுக்க இடமில்லாமல் ஒருக்களித்தே தூங்கினார்கள். கால் விரலில் வந்த புண் ஆறவில்லை.

மாதம் ஒருமுறை இலவச சட்ட உதவிக்காரர்கள் வந்து, கைதிகளைப் பார்க்கும் கூடத்தில் மேசை போட்டுக் குறைகளை எழுதி வாங்குவார்கள். கைதியே புகார் சொன்னதாகத் தெரிந்தால் உள்ளே காவலர்கள் தொல்லை கொடுப்பார்கள். அதனால் வீட்டார் பெயரில் போடுவதுதான் வழக்கம். அன்று அம்மா துணிப்பை சோதனை வரிசையில் நின்றாள். மருந்துச் சீட்டை என் கையில் திணித்து, "நீ போயி எழுதிக் குடு. உனக்குத்தான் எழுத வரும்" என்று அனுப்பினாள்.

மேசைக்குப் பின்னால் டியூஷன் அக்கா உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பவர். சட்டம் படிக்கிறார் என்று தெரியும். இங்கே வருவார் என்று தெரியாது. அப்பா கப்பல் வேலைக்குப் போயிருப்பதாக அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். கேட்கிறாரே என்று, கப்பல் நின்ற ஊர்களின் பெயர்களையும் வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லி வந்தேன்.

"டேய், நீ எங்க இங்க? உள்ள யாரு?"

"பக்கத்து வூட்டு மாமாக்கா. கால்ல புண்ணு. மாத்திரை குடுக்க மாட்றாங்களாம்."

அக்கா சீட்டைப் படித்துவிட்டு எழுந்து, என்னையும் கூட்டிக்கொண்டு கம்பி வலைக்குப் போனார். இருபக்கமும் ஒரே கத்தல். அப்பா ஒற்றைக்காலில் சாய்ந்து நின்றார்.

"ஐயா, உங்க பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். மருந்து கேட்டு மனு போட வீட்டாளுங்க ஒருத்தர் கையெழுத்து வேணும். யாராவது வந்திருக்காங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் வர்லமா" என்றார். பிறகு, "இந்தத் தம்பி நல்ல புள்ள. நல்லா படிக்கும். பாத்துக்கமா."

என்னை அவர் 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்.

அடுத்த மாதம் கட்டாயம் யாரையாவது வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா மேசைக்குத் திரும்பினார். எனக்கு மூச்சு வந்தது. அப்பா எப்படிச் சமாளித்தார் பார் என்று பெருமையாகக்கூட இருந்தது. சற்றுப் பொறுத்து அம்மா வந்து கம்பியைப் பிடித்தாள். அவளிடம் அப்பா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் மேசை போடுவதற்கு முன்பே அப்பாவின் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஜெயிலுக்குப் போனவருக்கு இதெல்லாம் சகஜம் என்றுதான் அன்று நினைத்தேன். விசாரணைக் கைதி என்றால் தண்டனை பெற்றவர் இல்லை என்றோ, அந்த மாத்திரையைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு என்றோ எனக்குத் தெரியாது. அதையும் அவர் எனக்காக விட்டுக்கொடுத்தார் என்பதும் தெரியாது. என் பொய் பிழைத்தது என்பது மட்டும் தெரிந்தது.

அந்த மாமாவைப் பற்றிக் கேட்பாரே என்று அக்கா முகத்தில் விழிக்கப் பயந்து, சிறைக்குப் போய் வந்த மறுநாள் காலையே டியூஷனையும் பள்ளியையும் விட்டுவிட்டு மணலிக்கு நடந்தேன். டேங்கர் லாரி கழுவும் ஷெட்டில் வேலை கேட்டேன்.

"நைனா இன்னா பண்றாரு?" என்றார் மேஸ்திரி.

"ஜெயில்ல கீறாரு."

"இன்னா கேஸு?"

"லாரி லைன்ல சண்டை."

"இவ்ளோதானா? நானும் போய்ட்டு வந்தவன்தான்டா" என்று சிரித்தார். "டவுசர மடிச்சுக்கினு வா. பைப்பப் புடி."