உக்கிய கரவனும் ஒரு மெத்தை உறையும்

உக்கிய மரத்தில் வேலை செய்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: திறந்து பார்க்கும் வரைக்கும் எல்லாம் நல்லாகவே இருக்கும். படகின் அடியையோ பழைய பஸ்ஸின் கூட்டையோ திறந்துவிட்டு, பேசாமல் திரும்ப மூடிவிடலாமா என்று யோசித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இந்தத் தொழிலை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கழற்றிக் கழற்றிப் பழகினேன். ஓர்ஸ் ஹில் சரிவில், உள்துறைமுகம் தெரிகிற என் முற்றத்துக்கு எத்தனையோ வண்டிகள் வந்து போயிருக்கின்றன. கரவன் என்று வந்தது ஒன்றுதான். காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சின்ன வீடு அது.

குத்தூசி

கரவனைக் கொண்டுவந்தவள் மலர். இரண்டு தெரு தள்ளித் தையல் தைக்கிறவள், தனி ஆள். ஊர் சுற்ற வந்த வெளிநாட்டுத் தம்பதி ஒன்று, திரும்பிப் போகும்போது அவளுடைய தகப்பனிடம் விட்டுவிட்டுப் போன வண்டியாம். சின்ன வயதில் அதற்குள்தான் விளையாடியிருக்கிறாள். இப்போது அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். ஈச்சிலம்பற்றில் தகப்பன் வழி வளவு இருக்கிறது, வீடு இல்லை. வண்டியைத் திருத்தி அங்கே கொண்டுபோய் நிறுத்திக் குடியிருக்கப் போகிறேன் என்றாள்.

வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவூட். இரண்டுக்கும் நடுவில் மரச்சட்டம், அதுதான் எலும்பு. ஜன்னலுக்குக் கீழே குத்தூசியை வைத்து அழுத்தினேன். தொதல் இனிப்புக்குள் போவதுபோலப் பிடிவரைக்கும் போயிற்று. மலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்கு வேலை செய்வதைவிட வேறு வீடு பார்ப்பது சுகம் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் குத்தூசியைப் பார்த்தே பதில் சொன்னாள்: "வேற வீடு இல்லை அண்ணை. இதுதான் வீடு. மாரிக்கு முதல் தாங்கோ."

மான்

பக்கத்து வளவில் வெல்டிங் கடை வைத்திருக்கிற செல்வத்துக்கு என் வேலையைக் கண்டால் சிரிப்பு. பெட்டி இரும்பில் கூடு அடித்தால் கெதியில் முடியுமே, ஏன் மரத்தோடு மாரடிக்கிறீர்கள் என்று கேட்பான். இந்த உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அவனுக்கும் அது தெரியும். கதைக்க ஒரு சாட்டு வேண்டும், அவ்வளவுதான்.

தகடுகளைக் கழற்றி மதிலில் சாய்த்து வைத்தேன். உக்கிய சட்டங்களை வேப்பமரத்தின் கீழே, வண்டியில் எப்படி இருந்தனவோ அதே ஒழுங்கில் நிலத்தில் பரப்பினேன். தின்று முடித்த பெரிய மீனின் முள் போலக் கிடந்தது. எவ்வளவு உக்கினாலும் மரம் தன் வடிவத்தைக் கடைசிவரை வைத்திருக்கும். பழையதை மேலே வைத்துக் கோடு இழுத்துத்தான் புதியதை அறுக்கவேண்டும். அதுவரைக்கும் அதில் கைவைக்கக் கூடாது.

சுவரும் கூரையும் இல்லாமல், தளம் மட்டும் சில்லில் நின்றது. ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால் அந்தத் தளத்தின் நடுவில் ஒரு புள்ளிமான். கோட்டைப் பக்கத்து மான்கள் கடைத்தெரு வரைக்கும் திரிவது இங்கே புதினமில்லை; என் முற்றத்துக்கு வந்தது அதுதான் முதல். கீழே துறைமுகத் தண்ணீர் அசையவில்லை. தூரத்தில் ஒரு கப்பலும் அசையவில்லை. மானும், இல்லாத ஜன்னலால் கடலைப் பார்ப்பதுபோல நின்றது. நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு படியில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. மதிலுக்கு மேலால் செல்வத்தின் தலை வந்தது. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்: "அண்ணை, ஆள் குடிவந்திட்டுது போல."

புகை

நேரான சட்டங்களை அறுத்து முடித்திருந்தேன். முன்பக்கத்து வளைவுச் சட்டங்கள்தான் மிச்சம். அதற்கு ஏற்ற தேக்கு சல்லி என்கிற ஊரில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சைக்கிளில் போய் வந்தேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சருகு எரிகிற மணம். என் மனைவி சரோ இருந்த காலத்தில் முற்றம் கூட்டிக் குப்பைக்கு நெருப்பு வைக்காமல் ஒரு நாளும் தொடங்கியதில்லை. அவள் போன பிறகு அந்த மணம் எங்கள் வாசலில் வந்ததேயில்லை. படலையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். வீட்டில் ஆள் இருக்கிறது என்று ஒரு கணம் முழுதாக நம்பிவிட்டேன்.

ஆள் இருந்ததுதான். மலர் விளக்குமாறோடு நின்றாள். வேலையைப் பார்க்க வந்தவள், தனி ஆண் இருக்கிற முற்றம் கிடக்கிற கிடையைக் கண்டு மனம் கேளாமல் மூலை முடுக்கெல்லாம் கூட்டி, சருகோடு சருகாக வேப்பமரத்தடியில் கிடந்ததையும் குவித்துக் கொளுத்தியிருக்கிறாள். உக்கிய தேக்கு நல்லாக எரியும். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நெருப்பருகே போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே நெருப்பைப் பார்த்தாள். அது தன்னுடைய வீட்டின் முன்பக்கம் என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "உக்கினது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மெத்தை உறை

வளைவின் மேல்பாதிக்கு வடிவம் கிடைத்தது. அந்தப் பக்கத்துத் தகட்டின் உட்புறத்தில் மரம் இருந்த இடமெல்லாம் கறுப்பாக அதன் நிழல் பதிந்திருந்தது. கீழ்ப்பாதிதான் கரைச்சல். அங்கே தகடு கழற்றும்போதே நெளிந்துவிட்டது. கண்மதிப்பில் ஒரு வளைவு அறுத்துப் பார்த்தேன். முன்ஜன்னல் சட்டம் அதில் இருக்க மறுத்தது. ஒரு மூலை இருந்தால் மறுமூலை எழும்பும். அந்த இடைவெளியால்தான் மழை உள்ளே வரும். துறைமுகத்துக்கு அப்பால் மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. மலர் அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் ஒரு பையோடு வந்தாள். உள்ளே நிறம்போன பூப்போட்ட துணி. கரவனின் முன் ஆசனத்து மெத்தைக்கு அவளுடைய அம்மா தைத்த உறை. துணி எறிகிற பழக்கம் மலருக்கு இல்லை. அந்த மெத்தை முன்சுவரோடு ஒட்டி இருந்ததால், அதன் பக்கத்துண்டின் பின்கரை சுவரின் வளைவுக்கே வெட்டப்பட்டிருந்தது. பிளேடால் தையலைப் பிரித்து, துண்டை அயர்ன் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். பிளைவூட்டில் விரித்து இரண்டு உள்ளங்கையாலும் தடவினாள். உறங்குகிற பிள்ளையைத் தடவுவது போலத்தான் இருந்தது. நான் துணியின் கரையோடு பென்சிலை வைத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்: "தையலுக்கு விட்ட கரையைக் கழிச்சுக் கீறுங்கோ அண்ணை. இல்லாட்டி வீடு பெருத்துப்போகும்."

தண்ணீர் பார்த்தது

இந்த முறை ஜன்னல் பொருந்தி இருந்தது. நாலு மூலையும் இருந்தது. தகடு அடித்து முடித்ததும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒழுகுகிறதா என்று பார்க்க, மலர் வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடித்தாள். புதுத் தேக்கின் மணம். கண்ணாடியில் தண்ணீர் வழிய, துறைமுகம் கரைந்து கரைந்து திரும்பச் சேர்ந்தது. சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்திருந்தும், வண்டி எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது. சரோவும் நானும் ஒருநாளும் போகாத ஊர்களெல்லாம் அந்தக் கண்ணாடியால் போயின. சுவரைத் தடவிப் பார்க்கவேண்டும் என்பதே மறந்துபோயிற்று. வெளியே தண்ணீர் நின்றது. செல்வம்தான் ஜன்னலில் தட்டினான்: "அண்ணை, இறங்கிற இடம் வந்திட்டுது."

மாரி

ஒரு டிராக்டர் வந்து இழுத்துப் போயிற்று. கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, நடந்து போகிற வேகத்தில். என் முற்றத்தில் அது நின்ற இடம் மட்டும் புல் இல்லாமல் வெளுப்பாக இருந்தது. அந்தக் கிழமையே மழை தொடங்கியது. ஓட்டில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தகட்டில் இது எப்படிக் கேட்கும் என்று நினைத்தபடி படுத்திருந்தேன்.

விடிந்ததும் மலரின் அழைப்பு வந்தது. ஒழுகியதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அங்கேயும் மழையா என்று கேட்டேன். ஓம், நல்ல மழை என்றாள். போனைக் கூரைப் பக்கம் பிடித்தாள்போல, தகட்டில் மழை விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் சொன்னாள்: "ஒரு சொட்டும் இல்லை அண்ணை. ஆனா ஒழுகுதோ ஒழுகுதோ எண்டு பாத்துப் பாத்து, நான் கண்மூடேல்லை."

அடுத்தவருக்கு ஒழுகாத கூரை போட்டுக் கொடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது, நாமே கூட்டிக்கொள்ளவேண்டிய ஒரு முற்றம்தான்.