ஒரே தை மாதத்தில் இரண்டு அழைப்பு

அறுபதுகளில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு ஆராய்ச்சி உதவித்தொகைகள் சேர்ந்தாற்போல் கிடைத்தன. ஒன்று மெட்ராஸில் கொடுத்தது, எங்கள் ஊர்ப் பக்கத்துத் தொண்டூர்ப் பாறைக் கல்வெட்டைப் படிக்க. இன்னொன்று லண்டனுக்கே போய்ப் படிக்க. எங்கள் செஞ்சியில் அதுவரை யாருக்கும் அப்படிக் கிடைத்ததில்லை. யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷர், இரண்டுக்கும் சரி என்று எழுதிவிட்டார். இரண்டும் ஒரே தை மாதத்தில் ஆரம்பம். சொன்ன சொல் போய்விடுமே என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம் வந்தா இன்னா பண்றோம்? நீங்க ஒண்ணுக்கு, நான் ஒண்ணுக்கு,” என்றேன்.

“அப்ப நீ லண்டனுக்குப் போய்ட்டு வாடி.”

“போறேன். எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியும்.”

சிரித்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அவரே சொன்னார்: “போவ முடியாத கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டு, அப்புறமா போய்ப் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்போம் இல்ல?”

மெட்ராஸுக்குத்தான் முதலில் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் லண்டனுக்கு உள்ளதை உள்ளபடி எழுதித் தவணை கேட்டார். அடுத்த வருஷம் வரலாம் என்று பதில் வந்தது.

அந்த வருஷம் முழுக்கத் தொண்டூருக்குத் தூக்குச்சட்டியில் சோறு போட்டுக் கொடுத்தேன். கடைத்தெருவில் யாராவது “லண்டன் இன்னா ஆச்சி?” என்று கேட்டால், “அவருக்காகக் காத்துகினு இருக்குது” என்பேன்.