தெரியல என்று சொன்ன மருத்துவர்

ஐந்தாம் மாத ஸ்கேனில் என் குழந்தையின் இதயத்தில் ஒரு பாதி வளரவே இல்லை என்று தெரிந்தது. ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் போய், குழந்தைகளின் இதய மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். நரைத்த குட்டை முடி, கசங்கிய பருத்திப் புடவை. பேசத் தொடங்குமுன் கணினித் திரையை அணைத்துவிட்டு, நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

பிறந்ததும் ஒரு ஆபரேஷன், பிறகும் சில வேண்டியிருக்கும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். கர்ப்பத்தைத் தொடர வேண்டாமென்று முடிவெடுக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு என்றார்.

"நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?" என்று அழுதேன்.

"ஒண்ணுமே பண்ணலம்மா. இது யாராலயும் வந்தது இல்ல."

என் கணவர் கேட்டார்: "உங்க பொண்ணுக்கு இப்படின்னா என்ன சொல்லுவீங்க மேடம்?"

"தெரியல சார். தெரியும்னு சொன்னா அது பொய். நீங்க என்ன முடிவு எடுத்தாலும் நான் பாத்துக்கறேன்."

பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தோம். மகள் பிறந்தாள், ஆபரேஷனுக்கு முன்பே போய்விட்டாள். அன்று அவர் வார்டுக்கு வந்து அவளைக் கையில் வாங்கிக்கொண்டு, "பேரு என்னம்மா?" என்று கேட்டார். சொன்னேன். எங்களைத் தவிர, அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.