நூலகத்து போர்ட்டில் ஏறிக்கொண்டிருந்த எண்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்ப்பது என் வேலை. எல்லாக் கட்டடங்களின் இணையக் கேபிள்களும் என் அறையிலிருக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் வந்து சேரும். கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு டேட்டா வந்தது, எவ்வளவு போனது என்று அது சதா எண்ணிக்கொண்டிருக்கும்.

ஒரு ஜூன் மாதம் கல்லூரிச் செயலாளர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"மக்கா, நெட்டு சவம் மாதிரி கிடக்கு. எவன் இழுக்கான்னு பாரு."

திரையைத் திறந்தேன். நூலகத்து போர்ட்டில் 'இன்' என்ற இடத்தில் மட்டும் எண் ரயில்வண்டி நீளத்துக்கு நின்றது. அவர் அதன்மேல் விரலை வைத்துவிட்டார்.

"நூலகத்தம்மா சீரியல் பாக்கா!"

"சார், இது ஸ்விட்ச் ஆன் பண்ணின நாள்லேருந்து உள்ள மொத்தம். வண்டி மீட்டர் மாதிரி. ரெண்டு தடவை பாத்துக் கழிச்சாத்தான் இப்ப உள்ள வேகம் தெரியும்."

கழித்தேன். வேகமும் பயங்கரமாகத்தான் இருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"ஆனா சார், இந்த 'இன்' ஸ்விட்சுக்குள்ள வாறது. நூலகம் இழுக்கல்ல, அனுப்புது."

"என்னத்த? புஸ்தகத்தையா?"

எனக்கும் தெரியவில்லை. நூலகர் அக்கா சமையல் வீடியோ போடுகிறவள் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. மத்தியானம் அவள் வழக்கம்போல என் அறைக்கே சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். கல்லூரியில் ஏசி உள்ள அறைகள் குறைவு. மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏட்டி, நான் மீன்குழம்பு போட்டே ஒரு மாசம் ஆச்சு. இப்ப கம்ப்யூட்டரை எல்லாம் ஆஃப் பண்ணி, நூலகத்தைப் பூட்டிட்டுல்லா வந்திருக்கேன்." சாவியை ஆட்டிக் காட்டினாள்.

அவளுக்குப் பின்னால் திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"பேயா இருக்குமோ?"

"பேய்க்கு எதுக்குக்கா அப்லோடு?"

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஓடினோம். நூலகத்து மேசைக்கடியில் இருந்த சின்ன ஸ்விட்சில் யாரோ புதிதாக ஒரு நீலக் கேபிளைச் செருகியிருந்தார்கள். அது ஜன்னல் வழியே வெளியேறி, நல்லமிளகுக் கொடிக்குள் நுழைந்து, பின்சுவரில் ஒரு கேமராவில் போய் முடிந்தது. கேமரா எதிரே சக்கை காய்த்து நின்ற பலாமரத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணாந்து நிற்கும்போதே என் போன் அடித்தது. செயலாளர்.

"மக்கா, நீங்க ரெண்டு பேரும் சக்கைக்கிட்ட என்ன செய்யுதிய?"

"சார், இந்தக் கேமரா..."

"நான்தான் டிரைவரை விட்டு மாட்டினேன். நல்ல வருக்கைச் சக்கை, வருசாவருசம் எவனோ களவாண்டுட்டுப் போறான். போன்ல பாத்தா படம் நின்னு நின்னு வருது. அதான் நெட்டு சரியில்லன்னு சொன்னேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் கேமராவில் பதிவாகுமே என்ற பயம்.

படத்தின் தரத்தை வெகுவாகக் குறைத்தேன். எண் ஏறும் வேகம் அடங்கியது, நெட் பறந்தது. அடுத்த வாரம் சக்கை போய்விட்டது. பதிவில் மரத்தடியில் பழுப்பாக ஒரு திட்டு அசைந்தது, அவ்வளவுதான். மூவரும் குனிந்து பார்த்தோம்.

"மாடு சார்," என்றாள் அக்கா உறுதியாக.

"மாடு மரத்துல ஏறுமா?"

"சக்கை வேருலயே காய்க்குமே சார்."

செயலாளர் டிரைவரைக் கூப்பிட்டு, அது எந்த வீட்டு மாடு என்று விசாரித்து வரச் சொன்னார்.