விடுமுறையில் மூட்டை தூக்கிய மகன்

ஐம்பதுகளின் நடுவில் என் மூத்த மகன் அமெரிக்காவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். நான் சென்னைத் துறைமுகத்தில், இறக்குமதிச் சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. வீடு ராயபுரத்தில். விசா கொடுத்த அதிகாரி ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லியிருந்தார். கல்லூரிக்குள் கல்லூரியே கொடுக்கிற வேலையைச் செய்யலாம். வெளியே வேலை செய்வதானால் அங்குள்ள குடியேற்ற அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மகன் தலையாட்டினான்.

எங்கள் தெருவில் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். ஒரு நாள் கப்பலிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கிடங்குக்கு வந்து நின்றார்.

"இன்னா சார், இன்னா குடுப்பே? உம் புள்ளைய பாத்துட்டு வந்துகீறேன்."

"எங்கே?"

"அவன் படிக்கிற ஊரு ஹார்பர்லதான். எங்க கப்பலுக்கே மூட்டை ஏத்திகினு கீறான். காலேஜு லீவாம். கூட்டிகினு போய் சோறு போட்டேன்."

"அனுமதிச் சீட்டு வாங்கினதா ஏதாவது சொன்னானா, பாய்?"

"மூட்டை தூக்க இன்னாத்துக்கு சார் சீட்டு? தோளு இருந்தா பத்தாதா?"

கரையில் இறங்க மட்டும் பாஸ் வாங்கிய வெளிநாட்டு மாலுமி ஒருவன் இங்கே ஒரு பட்டறையில் வேலை செய்து பிடிபட்டதையும், அவனைப் போலீஸ் நடுவில் நடத்திக் கொண்டுபோய்க் கப்பலேற்றியதையும் நான் பார்த்திருக்கிறேன். பாய் வந்துபோன அன்று முழுவதும் அந்த ஆளின் முகம் கண்முன் நின்றது. அவனுக்காவது திரும்பிப் போக ஒரு கப்பல் வேலை இருந்தது. என் மகனுக்குப் பாதிப் படிப்புதான் இருக்கும்.

சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் தெருவுக்கே செய்தி தெரிந்திருந்தது. மளிகைக்கடை அண்ணாச்சி கடையிலிருந்து இறங்கி வந்தார்.

"சார்வாள், பையன் வேலையில சேந்துட்டானாம்லா. அமெரிக்காக்காரன் கைநெறைய குடுப்பானே."

"அதை வெளியில சொல்ல வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன்? கண்ணு பட்டுருமோ?"

இப்படி ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதில், இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். என் மனைவிக்கு விசா கவலை எட்டவில்லை. "முதுகு என்னத்துக்கு ஆகும்? மூட்டை எவ்வளவு கனம்னு பாய்கிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் தபாலாபீசில் தந்தி எழுதிக் கொடுத்தேன்: வெளி வேலையை உடனே நிறுத்து, கல்லூரியில் போய்ச் சொல். தபாலாபீஸ் குமாஸ்தா அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார் நீ, வேலைய உடச் சொல்லித் தந்தி குடுக்கறே? அவனவன் வேலை கெடைக்காம பேஜார்ல கீறான்."

பதில் கடிதம் வரும்வரை சரியாகத் தூங்கவில்லை. கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது: விடுமுறை நாட்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று மகன் தானாகவே முடிவு செய்திருக்கிறான், யாரையும் கேட்கவில்லை. தந்தி கிடைத்ததும், வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அவரே குடியேற்ற அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். நீண்ட விசாரணைக்குப் பிறகு எச்சரித்து விட்டுவிட்டார்கள். இனிக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை மட்டும். படிப்புக்குத் தடையில்லை. கடைசி வரியை மனைவியை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

சில நாள் கழித்து, பையன் இன்னும் துறைமுகத்தில்தானா என்று அண்ணாச்சி கேட்டார். இல்லை, நின்றுவிட்டான் என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"நிறுத்திட்டானுவளா? போவட்டும், விடுங்க. படிப்ப முடிச்சிட்டு வரட்டும். வண்ணாரப்பேட்டையில நம்ம சரக்கு வச்சிருக்க கிட்டங்கில கணக்கெழுத ஒரு ஆளு வேணும். நம்ம பையனையே வச்சுக்கிடுதேன்."

அவனை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மற்றதையும் விளக்க வேண்டும். அது இன்னும் எத்தனை காதுக்குப் போகுமோ.

"அவனுக்கு எழுதறேன் அண்ணாச்சி" என்றேன்.