குறை ஏதும் இல்லை

ஹேமலதாவின் வலது கால் இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதத்தில் போய்விட்டது. அவள் அப்பா தெய்வசிகாமணி பிள்ளைச்சாவடியில் கட்டுமரத்தில் மீன் பிடித்தவர். தெருவில் யாராவது, "குறை உள்ள பொண்ணு, பாவம்" என்று உச்சுக்கொட்டினால், பிரித்துக்கொண்டிருக்கும் வலையைப் போட்டுவிட்டு எழுந்து போவார். "எம் பொண்ணுக்கு இன்னாடா குறை? உன் வாய்லதான்டா குறை" என்பார். அந்தச் சொல் அவர்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. 2002-ல் அவள் அங்கே நூலக உதவியாளராகச் சேர்ந்தாள். நான் அங்கே மருத்துவ அறையில் நர்ஸ். நூலகம் மாடியில், பதினெட்டுப் படி. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை சுவரில். பத்தாவது படியில் நின்று மூச்சு வாங்குவாள். யாராவது கை நீட்டினால், "நீங்க முன்னாடி போங்க, நான் வர்றேன்" என்பாள். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்தால் வழுக்கும். அதை மாற்ற மட்டும் என்னிடம் வருவாள். அப்படித்தான் பழக்கம்.

2006-ல் நெல்லித்தோப்பிலிருந்து சிவசங்கரி எம்.ஏ. வரலாறு படிக்க வந்தாள். இரண்டு காலும் நடக்க உதவாது, சக்கர நாற்காலிதான். வகுப்பும் அதே கட்டடத்தின் மாடியில். கூடப் படிக்கும் பையன்கள் நான்கு பேர் அவளை நாற்காலியோடு தூக்குவார்கள்.

"சாமி பொறப்பட்டாச்சு, வழி வுடுங்கப்பா!"

"தேங்கா பழம் எங்கடா? வெறுங்கையோட வந்து தூக்குறீங்க?" என்று அவளும் விடமாட்டாள்.

படியில் நிற்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஆளைத் தூக்குவது என் தொழில். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்று கையோடு வந்துவிடும். அதைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் காலையில் மேலே போனவள் மாலை வரை கீழே இறங்க முடியாது. மாடிக் கழிப்பறையின் கதவு நாற்காலியைவிட நான்கு விரல் குறுகல். ஒருநாள் அவள் உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிக்கிறியா?"

"வூட்டுக்குப் போயி குடிப்பேன் நர்சம்மா."

"காலைல?"

"ஏழு மணிக்கு அரை டம்ளர்."

பக்கத்தில் நின்றிருந்த ஹேமலதாவும் இதைக் கேட்டாள். மறுநாளே மனு எழுதினாள். வாசலில் சாய்தளம், அந்த வகுப்பைக் கீழே மாற்றுவது, அகலக் கதவு வைத்து ஒரு கழிப்பறை. தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. "எனக்குப் படி பழகிப்போச்சு. அந்தப் பொண்ணு படிப்ப வுட்டுடக் கூடாது நர்சம்மா" என்றாள். ஏழு மாதத்தில் நான்கு மனு. நிர்வாகப் பிரிவு அதிகாரி இளஞ்செழியன் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

"ஆய்வுக் குழு வருதும்மா. அவங்க ஒரு வார்த்த சொன்னா மறுநாளே சிமெண்ட் எறங்கிடும்."

2007 ஜூலையில், குழு வருவதற்கு முன்னால், ஊனமுற்ற பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். சிவசங்கரி அந்த வாரம் காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். ஹேமலதா மட்டும் நிரப்பினாள். பெயர், வயது, பிரிவு, முகவரி. கால் என்றோ கை என்றோ எங்கும் கேட்கவில்லை. ஏழாவது கட்டத்தில் ஒரே சொல்: குறை.

அதைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. "எங்கப்பா இருந்தா இந்தப் பேப்பரக் கிழிச்சிருப்பாரு" என்றாள். கட்டம் நிறைய, பெரிய எழுத்தில், "ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். படித்துவிட்டு, சரியான பதில் என்றுதான் நினைத்தேன்.

குழு வந்தது, இளநீர் குடித்தது, போனது. செப்டம்பரில் பதில் வந்தது. "பணியாளரே தமக்குக் குறை ஏதும் இல்லை என எழுத்து மூலம் தெரிவித்துள்ளதாலும், மாணவியைச் சக மாணவர்கள் அன்புடன் தூக்கிச் செல்வதாலும், சாய்தளம் முதலியன தற்போது தேவையில்லை எனக் குழு கருதுகிறது."

நானும் ஹேமலதாவும் இளஞ்செழியனிடம் போனோம்.

"சார், என் காலக் கேக்குறீங்கன்னு நெனச்சி எழுதிட்டேன்."

"காலக் கேக்க இது என்ன ஆஸ்பத்திரியாம்மா? குறைன்னா கம்ப்ளைன்ட்டு. நாலு மனு எழுதுனவங்களுக்கு இது தெரியாதா?"

"அப்ப அந்த நாலு மனு?"

"அது மனு. இது படிவம். குழுவுக்குப் போறது படிவந்தான்."

"திருத்திக் குடுத்துடறேன் சார்."

"போன பேப்பர் போனதுதாம்மா. அடுத்த குழு அஞ்சு வருஷம் கழிச்சி."

சிவசங்கரிக்கு வந்த காய்ச்சல் சிறுநீர்த் தொற்று. தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் வராமல் என்ன செய்யும். இரண்டாம் தடவை அது சிறுநீரகம் வரை போயிற்று. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. டிசம்பரில் அவள் அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க அழைத்து வந்தாள். நூலகத்தில் புத்தகம் பாக்கியில்லை என்று ஒரு சீட்டு வேண்டும். சிவசங்கரியைத் தூக்கப் பையன்கள் வந்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். ஹேமலதாதான் படியிறங்கி வந்தாள்.

"தேரு நெலைக்கு வந்துடுச்சுக்கா" என்றாள் சிவசங்கரி. "இனிமே இவனுங்களுக்குத் தோள் வலி இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஹேமலதா சீட்டை நாற்காலியின் கைப்பிடியில் வைத்து எழுதினாள். அங்கேயும் எழுதவேண்டியது "ஏதும் இல்லை" என்பதுதான். பேனா நின்றது. அப்புறம் எழுதிக் கொடுத்தாள்.

அன்றைக்கே ஐந்தாவது மனுவும் எழுதினாள். முதல் வரி: "எனக்குக் குறை உண்டு." இளஞ்செழியன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருடம் ஆகிறது. பதில் இல்லை. சிவசங்கரி வீட்டில் இருக்கிறாள், படிப்பைப் பற்றிப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். படி பதினெட்டும் அப்படியே இருக்கிறது. போன வாரம் ஹேமலதாவின் ஊன்றுகோலுக்கு ரப்பர் மாற்றிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் அவள் ஐந்தாவது படியிலேயே நின்றுவிடுகிறாள். யாராவது கை நீட்டினால் பிடித்துக்கொள்கிறாள்.