மூடாமலே மறைந்த பக்கம்

விவேக் நகர் ஐரினுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பத்தொன்பது வருஷமாக ரிப்போர்ட் டைப் செய்கிறாள். எண் மாறிவிட்டது என்று அதுவரை யாரும் வந்து நின்றதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உள்ளுக்குள் நிறையவே உண்டு.

அவளை அங்கே சேர்த்துவிட்டவர் சில்வெஸ்டர். ஒரே தெரு, ஒரே மாதா கோவில். அவள் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். இப்போது அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு.

போன வருஷம் புது சாஃப்ட்வேர் வந்தது. திறந்ததும் திரை முழுக்கப் பரவி, எதெல்லாம் திறந்திருக்கிறது என்று அடியில் காட்டும் டாஸ்க்பாரையும் மூடிக்கொண்டது. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கினால் மறையும், ஆனால் மூடாது. டாஸ்க்பாரில் தேடினாலும் அடையாளம் இருக்காது. மறுபடி திறந்தால் முந்தைய ஆளின் பக்கமே, கட்டங்கள் மட்டும் காலியாக வந்து நிற்கும். புதுப் பக்கம் என்று நம்பி அடித்தால் பழைய பெயரில் போய்ச் சேரும்.

இரண்டாம் நாளே ஐரின் இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணா, இது மூடிட்ட மாதிரி ஏமாத்துது. யாராவது மாட்டிக்குவாங்க."

"கம்பெனிக்கு எழுதறேன் ஐரின். அதுவரைக்கும் பேரைப் பாத்து அடி."

மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் எழுதியாச்சு என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டம் வாசல்வரை நின்றது. அவசரத்தில் ஐரின் அடித்த, எல்லம்மா என்ற மூதாட்டியின் சர்க்கரை அளவு, ஐந்து மாதக் கர்ப்பிணி லாவண்யாவின் பெயரில் போய்விட்டது. அந்தப் பெண் இரண்டு நாள் சோறு இறங்காமல் அழுதிருக்கிறாள். மறுபடி ரத்தம் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மேனேஜர் வீணா இருவரையும் கூப்பிட்டாள்.

"சில்வெஸ்டர் அண்ணன்கிட்ட மூணு தடவை சொன்னேன் மேடம்" என்றாள் ஐரின்.

அவர் மேஜையைப் பார்த்தபடி, "என்கிட்ட யாரும் சொல்லல மேடம்" என்றார். ஒரு தாளை நீட்டினார். 'பயன்படுத்திப் பார்த்தேன், குறை எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே ஐரினின் கையெழுத்து. ட்ரெயினிங்குக்கு வந்ததற்காக ஒரு கையெழுத்து என்று அன்றைக்கு அவர் கேட்டிருந்தார். அவர் கேட்டதால் படிக்காமலே போட்டிருந்தாள்.

ஐரின் அந்தத் தாளைத் தள்ளி வைத்தாள்.

"மேடம், என் சீட்டுக்கு ஒரு நிமிஷம் வாங்க. நீங்களே அடிச்சுப் பாருங்க."

வீணா திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து அடித்தாள். எண் வேறொருவர் பெயரில் ஏறியது. அன்றைக்கே தானே சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதினாள். ஐரின் மேல் நடவடிக்கை இல்லை. இரண்டே வாரத்தில் கம்பெனி அதைத் திருத்திக் கொடுத்தது. இத்தனை மாதமும் தங்களுக்கு ஒரு புகார்கூட வரவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

மாடிப்படியில் சில்வெஸ்டர் காத்திருந்தார். "அந்த சாஃப்ட்வேரை வாங்கச் சொன்னதே நான்தான், என் வேலை போயிருக்கும். உனக்குப் பத்தொன்பது வருஷத்துப் பேரு இருக்கு, விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"அந்தப் பேரைத்தானே அண்ணா பலி குடுத்துட்டீங்க."

ஐரின் லாவண்யாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். அடுத்த மாதமே சந்தாபுரா கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். மகனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அவனுடைய ஞானத்தகப்பன் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.